உங்கள் ஊரின் உள்ளாட்சி சுற்றுச்சூழல் இலக்குகளில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது: மதிப்பிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

2021 நவம்பரில் நிதி ஆயோக் நகரங்களுக்கான நிலைத்த வளர்ச்சி இலக்குக் குறியீட்டை முதன்முதலாக வெளியிட்டபோது, பட்டியலில் இருந்த 56 நகரங்களில் சிம்லாவுக்கு அடுத்தபடியாகக் கோயம்புத்தூர் இரண்டாம் இடம் பெற்றது. 2024 ஏப்ரலில் அதே மாநகராட்சியின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள்கள் புகைந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் சன்னலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டுமே உண்மை. கல்வி, மருத்துவம், வறுமை என 77 குறியீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண் அது. அத்தனைக்கும் நடுவே ஒரு கிடங்கின் நிலை கரைந்துபோவதில் வியப்பில்லை.

ஆகவே தரவரிசையைப் பார்த்துப் பெருமைப்படுவதாலோ வருந்துவதாலோ உங்கள் ஊரின் ஏரிக்கும் காற்றுக்கும் என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெரியவராது. உள்ளாட்சி கொடுத்த வாக்கு என்ன, அதில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது, இதே வேகத்தில் போனால் குறித்த காலத்தில் முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆதாரத்தோடு விடை காண்பதுதான் மதிப்பீடு. குடியிருப்போர் நலச் சங்கங்கள், வார்டு உறுப்பினர்கள், கல்லூரி மாணவர்கள், கிராம சபையில் எழுந்து பேச விரும்பும் எவரும் இதைச் செய்யலாம். கீழே சொல்லப்படுபவை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளை முதன்மையாக மனத்தில் கொண்டவை. ஊராட்சிகளுக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் படி: எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான புகார்கள் தவறான மேசைக்குப் போய் அங்கேயே உறங்கிவிடுகின்றன. 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே வந்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர் வழங்கல், திடக்கழிவு மேலாண்மை, நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவை அதில் உண்டு. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடுகள், மரபுசாரா எரிசக்தி ஆகியவை அடங்கும். ஆனால் அட்டவணையில் இருப்பதெல்லாம் நடைமுறையில் உள்ளாட்சியின் கையில் இல்லை.

ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் வரும். நகர எல்லைக்குள் விழுந்துவிட்ட ஏரிகளில் கரை ஒரு துறையிடமும், கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டும் வடிகால் மாநகராட்சியிடமும் இருப்பது வழக்கம். சென்னையில் கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம். வேறு பல ஊர்களில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டிமுடித்து நகராட்சியிடம் ஒப்படைக்கும். தொழிற்சாலைப் புகையும் கழிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்புக்குள் வருபவை.

எனவே முதலில் ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள்: உள்ளாட்சியே முழுப் பொறுப்பு ஏற்பவை, பிற துறையோடு பகிர்ந்துகொள்பவை, உள்ளாட்சியின் கையில் இல்லாதவை. முதல் பத்தியில் இருப்பவற்றைக் கறாராக அளக்க வேண்டும். இரண்டாம் பத்தியில், உள்ளாட்சி தன் பங்கைச் செய்ததா, மற்றத் துறைக்குக் கடிதம் எழுதியதா, அதன் நகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அது எங்கள் துறை இல்லை" என்ற பதில் சில வேளைகளில் நியாயமானது, சில வேளைகளில் நழுவல். இந்தப் பிரிவினை கையில் இருந்தால்தான் எது எது என்று உடனே சொல்ல முடியும்.

இரண்டாம் படி: வாக்குறுதியை அளக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

வாக்குறுதிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். மாமன்ற அல்லது நகர்மன்றத் தீர்மானங்கள், ஆண்டு வரவு செலவுத் திட்ட உரை, தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்துக்கும், நகரக் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்துக்கும் அளிக்கப்பட்ட விரிவான திட்ட அறிக்கைகள், பசுமைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யப்பட்ட அறிக்கைகள் ஆகியவை முதன்மையானவை. இவற்றில் தீர்ப்பாய அறிக்கைகளை நான் மிகவும் மதிக்கிறேன். கெடு தேதியோடும் அளவோடும் எழுதப்பட்டு, அதிகாரி கையொப்பமிட்ட ஆவணங்கள் அவை. ஊராட்சி என்றால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசு வகுத்த ஒன்பது கருப்பொருள்களில் நீர் நிறைந்த கிராமம், தூய்மையும் பசுமையுமான கிராமம் என்ற இரண்டும் நம் பொருளுக்கு நேரடியாக உரியவை. 2025 இல் வெளியான ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டில் இக்கருப்பொருள்களுக்குத் தனித்தனி மதிப்பெண்கள் உள்ளன. அந்த முதல் பதிப்பு 2022-23 நிதியாண்டின் தரவைக் கொண்டது என்பதை மறவாமல் படிக்க வேண்டும்.

"குப்பையில்லா நகரம்" என்பதை அளக்க முடியாது. எது, எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தேதிக்குள், எந்த எல்லைக்குள் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் அது இலக்கு. "2023 மார்ச்சில் கிடங்கில் இருந்த பழைய குப்பை முழுவதையும் 2026 மார்ச்சுக்குள் அகற்றி, அந்த நிலத்தை மீட்பது" என்று எழுத முடிந்தால் அளக்கலாம். வாக்குறுதியில் இந்த ஐந்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால் நீங்களாக இட்டு நிரப்பாதீர்கள். விடுபட்டிருக்கிறது என்பதே உங்கள் மதிப்பீட்டின் முதல் கண்டறிதல்.

தொலைவான ஆண்டுகளைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை. 2023 இல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2050 ஆம் ஆண்டைக் கரிமச் சமநிலைக்கான (வெளியிடும் கரிம வாயுவும் அகற்றும் கரிம வாயுவும் சமமாவதற்கான) இலக்காக வைத்திருக்கிறது. இவ்வளவு நீண்ட இலக்கை நேரடியாக மதிப்பிட முடியாது. அடுத்த மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கான இடைநிலைப் படிகள் எவை, அவற்றுக்கு நடப்பு ஆண்டில் நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க முடியும்.

நான்கு அல்லது ஐந்து இலக்குகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். குப்பை, கழிவுநீர், ஒரு நீர்நிலை, மின்சாரம் என்று தொடங்கினாலே ஓர் ஆண்டு வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: தலைக்கணக்கும் அடிப்படை ஆண்டும்

விழுக்காடு என்று வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே ஒரு வகுக்கும் எண் ஒளிந்திருக்கிறது. கடைசியாக முழுமையாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011 இல் நடந்தது. அந்தத் தொகையை வைத்து "நூறு விழுக்காடு வீடுகளில் குப்பை சேகரிக்கப்படுகிறது" என்று சொன்னால், அதற்குப் பிறகு முளைத்த நகர்கள் எல்லாம் கணக்கிலேயே வராமல் போகும். சொத்துவரி விதிப்பு எண்ணிக்கை, குடிநீர் இணைப்பு எண்ணிக்கை, மின் இணைப்பு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வாங்கி ஒப்பிடுங்கள். மூன்றும் வேறுபடும், எதை அடிப்படையாகக் கொள்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, இறுதிவரை அதையே பயன்படுத்துங்கள்.

எல்லை மாற்றம் இதைவிடப் பெரிய கண்ணி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அங்கே 2019 ஆம் ஆண்டின் தாம்பரம் நகராட்சி எண்ணை 2024 ஆம் ஆண்டின் மாநகராட்சி எண்ணோடு ஒப்பிடுவது அர்த்தமற்றது. பழைய அமைப்புகள் பத்தின் எண்களையும் கூட்டியோ, பழைய தாம்பரத்தின் வார்டுகளை மட்டும் தனியே பிரித்தெடுத்தோதான் ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் நான்காம் பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. முதலில் உள்ளாட்சியின் இணையதளத்தில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதவற்றுக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்கும் மனுக்களை எளிதாகத் திருப்பிவிடலாம். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேட்டால் அப்படித் திருப்புவது கடினம். "ஊரில் குப்பை ஏன் அள்ளப்படுவதில்லை?" என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

"கடந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களுக்கு, உரக்கிடங்கின் எடைமேடைப் பதிவேட்டில் நாள்தோறும் பதிவான வண்டி எண், நேரம், மொத்த எடை, காலி எடை ஆகியவை அடங்கிய பக்கங்களின் நகல். அதே காலத்துக்கு ஒவ்வொரு நுண் உரச் செயலாக்க மையத்துக்கும் வந்த மக்கும் குப்பையின் எடை, உற்பத்தியான உரத்தின் எடை, விற்பனைப் பற்றுச்சீட்டுகளின் நகல். மேற்படி பதிவேடுகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

கடைசி வரி முக்கியமானது. பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்படும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் இச்சட்டத்தின் 2(ஒ) பிரிவு, அதாவது ஆங்கிலத்தில் 2(j), இடம்தருகிறது. பலர் நகல் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். பதிவேட்டை நேரில் புரட்டும்போது, ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனாவால் ஒரே நாளில் எழுதப்பட்டதா என்பதுகூடத் தெரிந்துவிடும். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் ஆண்டுதோறும் ஜூன் 30 க்குள் நான்காம் படிவத்தில் அறிக்கை அளித்திருக்க வேண்டும். கடந்த ஆண்டுகளுக்கான அந்தப் படிவங்களை ஒன்றுகூட விடாமல் கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறாமல் அப்படியே இருந்தால், அளக்காமல் நிரப்பியிருக்கிறார்கள் என்று ஐயுற இடமுண்டு.

ஐந்தாம் படி: குப்பைக் கணக்கைச் சமன் செய்து பாருங்கள்

சுற்றுச்சூழல் இலக்குகளில் உள்ளாட்சியின் முழுப் பொறுப்பில் இருப்பதும், பொதுமக்கள் கண்ணால் கண்டு சரிபார்க்க முடிவதும் குப்பைதான். அதனால் இதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

அடிப்படைத் தத்துவம் எளியது: உள்ளே வந்த எடை, வெளியே போன எடையோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் ஒன்றைக் கற்பனை செய்வோம். தலைக்கு ஏறத்தாழ 400 கிராம் என்று கொண்டால் நாளுக்கு 40 டன் குப்பை சேரும். அதில் பாதி மக்கும் குப்பை என்றால் 20 டன். நன்றாக மக்கவைத்தால் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை உரமாகக் கிடைக்கும். அதாவது நாளுக்கு மூன்று டன்னுக்குக் குறையாமல், மாதத்துக்கு 90 டன்னுக்கு மேல். மக்கும் குப்பை முழுவதும் உரமாகிறது என்று ஆண்டறிக்கை சொல்லி, விற்பனைச் சீட்டும் இலவச வழங்கல் பதிவேடும் சேர்ந்து மாதத்துக்கு ஆறு டன் மட்டுமே காட்டினால், மீதிக் குப்பை எங்கே போனது என்ற கேள்வி தானாக எழும். மையங்களின் கொள்ளளவையும் கூட்டிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து டன் கொள்ளும் மையங்கள் இரண்டே இருக்கும் ஊரில் 20 டன் மக்க முடியாது.

அடுத்து நேரில் பார்ப்பது. காலை ஆறரை மணிக்கு ஒரு தெருவில் பேட்டரி வண்டியோடு நடந்து செல்லுங்கள். எத்தனை வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வண்டி, பெரிய லாரியில் குப்பையை மாற்றும் இடம்வரை போங்கள். வீட்டில் பிரித்தது மறுபடி ஒன்றாகக் கலப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஒரே லாரியின் ஒரே வாய்க்குள் கவிழ்க்கப்பட்டால், "தரம் பிரித்தல் 95 விழுக்காடு" என்ற எண்ணுக்குப் பொருளில்லை. 2026 ஏப்ரலை நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய திடக்கழிவு விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. வண்டியில் நான்கு அறைகள் உண்டா என்பதையும் இனிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வார்டுக்கு 100 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், கிடைக்கும் விழுக்காடு ஏறத்தாழ பத்துப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். ஓர் ஊரின் போக்கை அறிய இது போதும். ஆனால் வண்டி எளிதாக நுழையும் அகன்ற தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முடிவு அழகாகத்தான் வரும். வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு, புறம்போக்கு ஓரக் குடிசைகள், ஊர்க்கோடியில் எழுந்த புதிய மனைப்பிரிவு, இறைச்சிக் கடைத் தெரு ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் பூசணிக்காயும் குவியும். போகியன்றும் தீபாவளிக்குப் பிறகும் எடை எகிறும். சாதாரண வாரம் ஒன்றையும் பண்டிகை வாரம் ஒன்றையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் கலக்காமல் வையுங்கள்.

தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள். எந்தத் தெரு விடுபடுகிறது, எந்த வண்டி பழுதாகிக் கிடக்கிறது, ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை. பெயரைக் குறிக்காமல் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் உண்மையானது. கையுறையும் காலணியும் தரப்பட்டனவா என்பதை மதிப்பீட்டின் ஒரு குறியீடாகவே வையுங்கள். அவர்கள் உடலை விலையாகக் கொடுத்துத் தூய்மையாகும் ஊரை நிலைத்த வளர்ச்சி பெற்ற ஊர் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய குப்பை மலைகளுக்கு வருவோம். பெருங்குடி, கொடுங்கையூர், வெள்ளலூர் ஆகிய கிடங்குகளில் பயோமைனிங் முறையில் குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் பணிகள் எடுக்கப்பட்டுள்ளன. இவற்றில் ஒப்பந்ததாரர் "இத்தனை லட்சம் டன் முடித்தோம்" என்று சொல்வதை மூன்று வழிகளில் சோதிக்கலாம். முதலாவது, பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவை வரைபடங்கள். இரண்டாவது, பிரித்தெடுத்த எரிபொருள் கழிவு எந்தச் சிமென்ட் ஆலைக்குப் போனது என்பதற்கு ஆலை தந்த ஒப்புகைச் சீட்டுகள். மூன்றாவது, சலித்த மண் எங்கே கொட்டப்பட்டது என்ற விவரம். தாழ்வான நிலம் என்ற பெயரில் அது ஏரி உள்வாயிலேயே கொட்டப்பட்டிருந்தால் ஓரிடத்துக் கேட்டை இன்னோர் இடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி: ஒரு பக்கம் சலிக்கும்போதே மறுபக்கம் புதுக்குப்பை கொட்டப்படுகிறதா? கொட்டப்பட்டால் அகற்றிய எடையிலிருந்து அதைக் கழித்துத்தான் முன்னேற்றத்தைக் கணக்கிட வேண்டும்.

ஆறாம் படி: கழிவுநீர்

நாளுக்குத் தலைக்கு 135 லிட்டர் நீர் வழங்கப்படும் ஊரில், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் பேருக்கு இது நாளுக்கு ஒரு கோடியே எட்டு லட்சம் லிட்டர். இந்த எண்ணை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு, உண்மையில் வந்து சேரும் அளவு, சுத்திகரித்து வெளியேறும் அளவு ஆகிய மூன்றோடும் ஒப்பிடுங்கள். ஒன்றரைக் கோடி லிட்டர் கொள்ளும் நிலையம் இருப்பதாக அறிக்கை பெருமையாகச் சொல்லும். வீட்டு இணைப்புகள் கொடுக்கப்படாததால் அதற்குள் நாற்பது லட்சம் லிட்டர்தான் வந்துகொண்டிருக்கும். மீதி எங்கே போகிறது என்பதை மழைநீர் வடிகாலின் வாயில் நின்று பார்த்தால் தெரியும். கோடையிலும் கருப்பு நீர் ஓடும் மழைநீர் வடிகால், இணைப்பு விழுக்காட்டைப் பற்றிய மறுக்க முடியாத சாட்சி.

நிலையம் இயங்குகிறதா என்பதற்கு மின்கட்டண அட்டை நல்ல சான்று. காற்றூட்டும் கருவிகளுக்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். அவற்றை நிறுத்திவைத்தால் யூனிட் குறையும். மாதந்தோறும் பயன்படுத்திய யூனிட்டை, சுத்திகரித்ததாகச் சொல்லும் லிட்டரால் வகுத்து வரிசையாக எழுதுங்கள். நீரின் அளவு ஏறாமல் இறங்காமல் இருக்க, யூனிட் மட்டும் திடீரெனப் பாதியானால் அந்த மாதத்தின் பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள்.

வெளியேறும் நீருக்கு 2017 ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை, பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராமும் பிற இடங்களில் 30 மில்லிகிராமும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) உச்சமாக வைத்தது. ஆய்வக அறிக்கைகளில் இந்த எண்ணைத் தேடுங்கள். பாதாளச் சாக்கடையே இல்லாத பேரூராட்சிகளில் கேள்வி வேறு: செப்டிக் டேங்க் லாரிகள் எங்கே கொட்டுகின்றன? மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதலே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கிவருகிறது. இத்தகைய நிலையத்துக்கு நாளுக்கு வரும் லாரி நடைகளின் எண்ணிக்கையை, ஊரில் இருக்கும் தொட்டிகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தாலே எவ்வளவு கசடு வயலுக்கும் ஓடைக்கும் போகிறது என்பது விளங்கிவிடும்.

ஏழாம் படி: நீர்நிலை, மரம், மின்சாரம்

ஒரே ஓர் ஏரியையோ ஊருணியையோ கண்மாயையோ தேர்ந்தெடுத்து ஆழமாகப் பாருங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான "அ" பதிவேட்டில் அதன் பரப்பு எவ்வளவு என்று எடுத்து, பழைய செயற்கைக்கோள் படங்களோடும் இன்றைய படத்தோடும் ஒப்பிடுங்கள். நடைபாதையும் விளக்கும் பூங்காவும் அமைத்துவிட்டு "ஏரி புனரமைக்கப்பட்டது" என்று அறிவிப்பது பரவலாக நடக்கிறது. வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா, கலங்கல் வழியே உபரிநீர் போக இடமிருக்கிறதா, கழிவுநீர் விழும் வாய்கள் எத்தனை இருந்தன, இப்போது எத்தனை என்பவையே ஏரியின் உயிரைச் சொல்லும் குறியீடுகள்.

நீரின் தரத்தை அளக்கும்போது நேரம் முக்கியம். பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் நீரில் பிற்பகல் வெயிலில் அளந்தால் கரைந்த ஆக்சிஜன் மிக அதிகமாகக் காட்டும்; அதே நீர் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். எனவே மாதிரி எடுத்த நேரத்தை எழுதாத அறிக்கையை நம்பாதீர்கள். நீங்கள் எடுத்தால் ஒரே இடத்தில், சூரியன் எழும் வேளையில் எடுங்கள். குளிப்பதற்கு உகந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய வரையறை. 2018 இல் இந்த வரையறையைத் தாண்டிய ஆற்றுப் பகுதிகளாகக் காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய ஆறும் தமிழ்நாட்டிலிருந்து பட்டியலிடப்பட்டன. இவற்றின் கரையில் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு இந்த அளவீடு கட்டாயம்.

மரங்களில் நட்ட எண்ணிக்கை ஒன்றையும் சொல்லாது. நட்ட இடங்களின் பட்டியலை வாங்கி, முதல் கோடை கழிந்தபின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுங்கள். சாலை விரிவாக்கத்துக்கு வெட்டியவற்றையும் கழியுங்கள்.

மின்சாரத்தை ரூபாயில் ஒப்பிடாதீர்கள். 2022 முதல் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்திருப்பதால் சேமிப்பே இருந்தாலும் தொகை கூடித்தான் தெரியும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், அலுவலகம் என மின் இணைப்பு வாரியாக யூனிட்டை எடுங்கள். சூரிய மின்தகடு பொருத்தியிருந்தால் நிறுவிய கிலோவாட்டைவிட உற்பத்தியான யூனிட்டே கணக்கு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006 இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுவதற்குக் காரணம், உற்பத்தியும் வருவாயும் கணக்கில் தெரிந்ததுதான்.

எட்டாம் படி: பணத்தின் தடம்

வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் வரும். செய்தித்தாளில் வருவது முதல் எண். நீங்கள் தேட வேண்டியது மூன்றாவது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில், ஊராட்சிகளுக்கும் பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கும் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அந்தப் பணம் எதற்குப் போனது என்பதைச் செலவுச் சீட்டோடு பாருங்கள். கட்டுமானத்துக்கு வாரி இறைத்துவிட்டுப் பராமரிப்புக்கு ஒன்றும் ஒதுக்காத திட்டம் மூன்றாம் ஆண்டில் பூட்டிக் கிடக்கும். இதை முன்கூட்டியே எச்சரிக்கக்கூடிய ஒரே ஆவணம் வரவு செலவுத் திட்டம்தான். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் ஆட்சேபணைப் பத்திகளையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: முடிவுக்கு வருதல்

ஒவ்வோர் இலக்குக்கும் தேவைப்படும் வேகத்தையும் நடப்பு வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று லட்சம் டன் பழைய குப்பையை 36 மாதங்களில் அகற்ற வேண்டும். 18 மாதங்களில் 60,000 டன் அகன்றிருக்கிறது என்று கொள்வோம். "ஐந்தில் ஒரு பங்கு முடிந்தது" என்பது மெய்தான். ஆனால் மிச்சக் காலத்தில் மிச்சத்தை முடிக்க இதுவரை போன வேகத்தைப் போல் நான்கு மடங்கு வேண்டும் என்பதே நிலைமையை உள்ளபடி காட்டும் வாக்கியம்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆதாரத்தின் வலிமையையும் குறியுங்கள்: நேரில் கண்டது, ஆவணத்தில் கண்டது, வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எல்லா இலக்குகளையும் கூட்டி ஒரே மதிப்பெண் கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். தெருவிளக்குகள் எல்லாம் எல்.இ.டி. ஆனதற்குக் கிடைக்கும் புள்ளி, எரியும் கிடங்கின் புகையை ஈடுசெய்யாது. கூட்டும்போது அப்படித்தான் ஈடுசெய்துவிடும். 2025 ஜூலையில் வெளியான, மத்திய அரசின் நகரத் தூய்மைத் தரவரிசையான ஸ்வச் சர்வேக்ஷன் பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம் கிடைத்தது. அந்த இடம் மதுரைக்காரர்களைப் புண்படுத்தியது. எந்த வார்டில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. வார்டு வாரியாகவும் இலக்கு வாரியாகவும் பிரித்துக் காட்டும் மதிப்பீடு அதைச் சொல்லும்.

வெளியிடுவதற்கு முன் வரைவை ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ அனுப்பி, இரண்டு வாரம் அவகாசம் கொடுத்துப் பதில் கேளுங்கள். உங்கள் எண் தவறாக இருக்கலாம்; அவர்களிடம் நீங்கள் பாராத பதிவேடு இருக்கலாம். பதில் வேறு எண்ணைச் சொன்னால் இரண்டு எண்களையும், ஒவ்வொன்றும் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் அறிக்கையில் சேர்த்தே வெளியிடுங்கள். நன்றாக நடந்தவற்றை மறைக்காமல் எழுதுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் சுகாதார ஆய்வாளருக்கு அந்த வரி மேலிடத்தில் துணை நிற்கும்.

பிறகு அதை மன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 நீர்நிலை பற்றிய அறிக்கைக்கும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆண்டு மதிப்பீட்டுக்கும் பொருத்தமானவை. நகரங்களில் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் இருக்கின்றன. அங்கே முழு அறிக்கையைப் படிக்காமல், உங்கள் பகுதிக்கு உரிய ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதில் உள்ள ஒரே ஒரு கோரிக்கையைத் தேதியோடு தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே தெருக்களில், அதே முறையில் மறுபடி அளக்கும்போது அந்தத் தீர்மானமே உங்கள் புதிய அடிப்படை ஆவணம். மூல அளவீடுகளையும் எடைச்சீட்டு நகல்களையும் மனுக்களையும் ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று பேரிடம் பிரதியாக வைத்துவிட்டு, அளந்த முறையை ஒரு தாளில் எழுதி அவற்றோடு இணைத்துவிடுங்கள். ஆணையர் மாறினாலும், உங்கள் குழுவில் ஆள் மாறினாலும், வருபவர் அதே இடத்திலிருந்து தொடர அது போதும்.